ஓநாயும் மூஸும்: ஒரு தீவின் கணக்கை நீங்களே வரைந்து பாருங்கள்

இரை பெருகினால் வேட்டை விலங்கு பெருகும், வேட்டை விலங்கு பெருகினால் இரை குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். பாடப்புத்தகத்தில் ஒன்றையொன்று துரத்தும் இரண்டு அழகான அலைகளும் இருக்கும். நிஜ எண்களை வைத்து அதே படத்தை வரைந்தால் என்ன வருகிறது? எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும், அரை மணி நேர வேலை.

படி 1: இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஐல் ராயல், சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு. பரப்பு சுமார் 544 சதுர கிலோமீட்டர். மிக அருகில் உள்ள கரையே 20 கிலோமீட்டருக்கு மேல். மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே பெரிய விலங்கு. குதிரை உயரம் இருக்கும். 1900களின் தொடக்கத்தில் அவை நீந்தி வந்திருக்கலாம் என்கிறார்கள். ஓநாய்கள் 1940களின் கடைசியில், ஏரி உறைந்திருந்தபோது பனிக்கட்டி மேல் நடந்தே வந்தன. 1958இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் டர்வார்ட் ஆலன் தொடங்கிய ஆய்வு இன்னும் நடக்கிறது. இந்தத் தீவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எளிது: இங்கே மூஸை வேட்டையாட ஓநாயை விட்டால் வேறு ஆள் இல்லை. கரடி கிடையாது, துப்பாக்கியும் கிடையாது.

படி 2: எண்களை உள்ளிடுங்கள்

மூன்று பத்திகள் போடுங்கள்: ஆண்டு, ஓநாய், மூஸ். மூஸ் எண்கள் எல்லாம் தோராயம். ‘–’ குறி இருக்கும் இடத்தில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டுவிடாதீர்கள், கோடு பாதாளத்துக்குப் போய்விடும்.

1980: 50, –
1982: 14, –
1995: 16, 2400
1997: 24, 500
2006: 30, 450
2012: 9, 750
2016: 2, 1300
2019: –, 2060
2024: 30, 840

படி 3: வரையுங்கள்

சாதாரண லைன் சார்ட் வேண்டாம். நம் ஆண்டுகளுக்கு இடையே இடைவெளி சீராக இல்லை. லைன் சார்ட் எல்லாவற்றையும் சம தூரத்தில் வைத்துவிடும். ஸ்கேட்டர் சார்ட்டில் கோட்டோடு வருவதைத் தேர்ந்தெடுங்கள். காலிக் கட்டத்தில் கோடு அறுந்தால் செலக்ட் டேட்டாவுக்குள் போய், காலிக் கட்டங்களுக்கான அமைப்பில் கோட்டை இணைக்கச் சொல்லுங்கள்.

முதல் தடவை நான் வரைந்தபோது மூஸ் கோடு மலை மாதிரி நின்றது. ஓநாய் கோடு தரையோடு தரையாக எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது. தரவே தப்போ என்று பத்து நிமிடம் தேடினேன். தப்பு என்னுடையது. 50ஐயும் 2400ஐயும் ஒரே அளவுகோலில் வைத்தால் அப்படித்தான் இருக்கும். ஓநாய் கோட்டின் மேல் வலது கிளிக் செய்து, ஃபார்மட் டேட்டா சீரீஸில் செகண்டரி ஆக்சிஸை அழுத்துங்கள். வலப்பக்கம் ஓநாய்க்குத் தனி அச்சு வந்துவிடும்.

படி 4: வளைவுகளுக்குக் காரணம் எழுதுங்கள்

உண்மையான வேலை இங்கேதான். பாடப்புத்தக அலை வரவில்லை, இல்லையா? கோடு திடீரென மடங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போடுங்கள்.

1980–82: ஓநாய் 50லிருந்து 14. இரண்டே ஆண்டு. மூஸ் தீர்ந்துபோகவில்லை, வந்தது நாய்களைத் தாக்கும் பார்வோ வைரஸ். தீவுக்கு நாய் கொண்டுவரத் தடை உண்டு. யாரோ தடையை மீறிக் கூட்டிவந்த நாயிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

1995–97: மூஸ் 2400லிருந்து 500. அப்போது ஓநாய்கள் சொற்பம். ஓநாய் குறைந்த காலத்தில் மூஸ் பெருகிப் பெருகி, குளிர்கால உணவான பால்சம் ஃபர் மரங்களை மொட்டையடித்திருந்தன. அந்த நேரம் பார்த்துக் கடும் குளிர், கூடவே உண்ணி. ஒரு மூஸின் உடம்பில் பல்லாயிரம் உண்ணிகள் ஏறிவிடும். அரிப்புத் தாங்காமல் உரசி உரசி ரோமம் போய், பனியில் வெறும் தோலோடு நிற்கும்.

1997: இந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும். ஒரே ஓர் ஆண் ஓநாய் பனிக்கட்டியைக் கடந்து தீவுக்கு வந்தது. உறவுக்குள்ளேயே கலந்து நலிந்திருந்த கூட்டத்துக்கு அது புது ரத்தம். ஆனால் அதன் வாரிசுகள் தங்களுக்குள்ளேயே கலந்ததில் பழைய சிக்கல் திரும்ப வந்தது. குளிர்காலம் மிதமாகி ஏரி உறைவதும் அரிதானதால், அடுத்த விருந்தாளிக்குப் பாதை இல்லை.

2016: இரண்டே ஓநாய். தந்தையும் மகளும், இரண்டுக்கும் தாய் ஒன்றே: தந்தை தன் தாயோடு கூடிப் பெற்ற மகள் அது.

2018–19: தேசியப் பூங்காத் துறை வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது. கோட்டின் கடைசி ஏற்றம் இதனால் வந்தது. இயற்கையில் கைவைக்கலாமா என்று அப்போது பெரிய விவாதமே நடந்தது. ஏரி உறையாமல் போனதில் மனிதனுக்கும் பங்கு உண்டு என்பதால், கொண்டுவிட்டது சரி என்பதே என் கட்சி.

படி 5: எண்ணிக்கை வந்த விதம்

பூங்கா மூடியிருக்கும் குளிர்காலத்தில், பனிச்சறுக்குக் கட்டை பொருத்திய குட்டி விமானத்தில் பறந்து எண்ணுகிறார்கள். ஓநாய் சுலபம்: பனியில் தடம் பிடித்துப் போனால் கூட்டம் கிடைத்துவிடும். மூஸ் மரத்தடியில் நின்றால் தெரியாது. அதனால் 1 சதுர கிலோமீட்டர் கட்டங்கள் 91ஐ மட்டும் எண்ணி, மீதியைக் கணக்கிடுகிறார்கள்.

நீங்களும் போட்டுப் பாருங்கள் (எண்கள் பயிற்சிக்கு மட்டும்). 91 கட்டங்களில் 182 மூஸ் என்றால் கட்டத்துக்கு 2. 544ஆல் பெருக்க 1088. ஐந்தில் நான்குதான் கண்ணில் படும் என்றால் 0.8ஆல் வகுக்க 1360. கண்ணில் படும் பங்கை 0.7 என்று மாற்றினால் சுமார் 1554. ‘தோராயம்’ என்று சொன்னது இதனால்தான்.

படி 6: ஓர் ஓநாய்க்கு எத்தனை மூஸ்?

நான்காவது பத்தியில் மூஸை ஓநாயால் வகுத்துக்கொள்ளுங்கள். காலிக் கட்டம் உள்ள வரிகளை விட்டுவிடுங்கள். 1995இல் 150, 2006இல் 15, 2016இல் 650, 2024இல் 28. இதையும் தனிப் படமாக வரையுங்கள். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ஓநாய்கள் கண்ட மூஸையெல்லாம் அடிப்பதில்லை. பெரும்பாலும் குட்டி, கிழடு, மூட்டுவாதம் வந்தது. ஆய்வாளர்கள் தீவெங்கும் நடந்து இறந்த மூஸ்களின் எலும்பைப் பொறுக்கி, பல்லை அறுத்து, மர வளையம் எண்ணுவது போல வயதை எண்ணியதால்தான் இது தெரியவந்தது. 28 மூஸில் நல்ல வயதில் இருப்பவை பாதி என்றால் ஓநாய்க்கு அது 28 அல்ல, 14.