பக்கத்து வீட்டுக்கு ஃபைபர் வந்துவிட்டது, உங்கள் வீட்டுக்கு இல்லையா? பிரிட்டனில் இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

பிரிட்டனில் ஒரே தெருவில் 14-ஆம் எண் வீட்டுக்கு ஃபைபரில், அதாவது கண்ணாடி இழைக் கேபிளில், 900 எம்பிபிஎஸ் இணைய வேகம் கிடைக்கும். 16-ஆம் எண் வீட்டில் செம்புக் கம்பியில் 40-க்கு மேல் ஏறாது. கால் சென்டரில் கேட்டால் "உங்கள் பகுதிக்கு விரைவில் வரும்" என்பார்கள். அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. பக்கத்து வீடுவரை வந்த ஃபைபர் உங்கள் வீட்டை விட்டதற்குக் குறிப்பான ஒரு காரணம் இருக்கும்: முகவரிப் பதிவில் பிழை, வேறு கம்பத்திலிருந்து வரும் லைன், மண்ணுக்குள் நேராகப் புதைத்த கேபிள், கையெழுத்துப் போடாத கட்டட உரிமையாளர். எது என்று தெரிந்தால்தான் யாரைப் பிடிப்பது என்பதும் தெரியும்.

முதலில், பக்கத்து வீட்டில் இருப்பது உண்மையில் என்ன என்று பாருங்கள். இங்கே "ஃபைபர்" என்று விற்கப்படுவதெல்லாம் முழு ஃபைபர் அல்ல. தெருமுனைப் பச்சைப் பெட்டிவரை ஃபைபர், அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்புக் கம்பி என்றால் அது எஃப்டிடிசி. பதிவிறக்கம் 80, பதிவேற்றம் 20 எம்பிபிஎஸ், அதோடு சரி. வர்ஜின் மீடியாவின் பழைய நெட்வொர்க்கில் வீட்டுக்குள் வருவது திருகி மாட்டும் கோஆக்சியல் கேபிள். முழு ஃபைபர் வீட்டில் சுவரில் ஓஎன்டி என்ற சிறிய பெட்டி இருக்கும், ரவுட்டர் அதிலிருந்து ஈதர்நெட் வயரில் இணைந்திருக்கும். பில் அனுப்புவது ஸ்கையாகவோ வோடஃபோனாகவோ இருக்கலாம்; தெருவில் கேபிள் போட்டது பழைய டெலிபோன் கம்பங்களையும் குழாய்களையும் வைத்திருக்கும் பிடி குழுமத்தின் ஓப்பன்ரீச்சா, சிட்டிஃபைபரா, வேறு யாருமா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

அடுத்து, உங்கள் வீட்டுப் பதிவு என்ன சொல்கிறது என்று பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்தெந்த நெட்வொர்க்குகள் உங்கள் வீட்டுக்கு உண்டு என்ற பொதுப் படம் கிடைக்கும். ஓப்பன்ரீச்சைப் பொறுத்தவரை அதைவிட விவரமானது பிடி ஹோல்சேலின் பிராட்பேண்ட் செக்கர். அதில் அஞ்சல் குறியீட்டை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். அஞ்சல் குறியீடு ஒன்றில் பல வீடுகள் இருக்கும், அவற்றில் பாதிக்கு ஃபைபர் இருந்து மீதிக்கு இல்லாமல் போவதுதான் உங்கள் பிரச்சினையே. முழு முகவரியைத் தேர்ந்தெடுத்து எஃப்டிடிபி (முழு ஃபைபர்) என்ற வரியைப் பாருங்கள். பக்கத்து வீட்டு முகவரியையும், எதிர் வீட்டு முகவரியையும் போட்டுப் பாருங்கள். இருபுறமும் இருந்து நடுவில் உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் முகவரிப் பிழை என்று சந்தேகிக்கலாம். வரிசையாக ஐந்தாறு வீடுகளுக்கு இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் கம்பத்திலோ நிலத்தடிக் குழாயிலோதான்.

முகவரிப் பிழை

லண்டனில் நம்மவர்கள் அதிகம் சிக்குவது இதில்தான். கடைக்கு மேலே உள்ள வீடு, ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்த "ஏ", "பி" ஃபிளாட்டுகள், கராஜை மாற்றிக் கட்டிய அறை: இவை தபாலுக்கு ஒரு பெயரிலும், கவுன்சிலில் இன்னொரு பெயரிலும், ஓப்பன்ரீச்சின் பட்டியலில் மூன்றாவது பெயரிலும் இருக்கும். "12ஏ" என்றும் "முதல் மாடி ஃபிளாட், 12" என்றும் இரண்டு பதிவு இருந்து, ஃபைபர் ஒன்றோடு மட்டும் ஒட்டியிருக்கும்.

நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் யூபிஆர்என் என்ற தனி எண் உண்டு. ஃபைண்ட் மை அட்ரஸ் என்ற தளத்தில் உங்கள் எண்ணை இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் ஃபிளாட்டுக்கு எண்ணே இல்லையென்றால் கவுன்சிலில் தெருப்பெயர், வீட்டு எண் வழங்கும் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கே பதிவாகாமல் மற்ற இடங்களில் திருத்துவது கடினம். எண் இருந்தும் செக்கரில் ஃபைபர் இல்லையென்றால் அந்த எண்ணை, கவுன்சில் வரி பில்லில் உள்ள முகவரியை, ஃபைபர் உள்ள பக்கத்து வீட்டு முகவரியை எழுதி, முகவரியைத் திருத்தும்படி ஓப்பன்ரீச்சிடம் கேட்கச் சொல்லி உங்கள் இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஓப்பன்ரீச் பொதுமக்களுக்கு நேரடியாக விற்பதில்லை, அதனால் இந்தச் சுற்று வழி. பெரிய நிறுவனங்களின் முதல்நிலை ஊழியர்களுக்கு இந்தப் பேச்சே புரியாது. ஸென் போன்ற சிறிய நிறுவனங்களில் இதைக் கேட்டுப் பார்ப்பது மேல்.

ஒரு குறுக்கு வழியை மட்டும் தொடாதீர்கள்: பக்கத்து வீட்டு முகவரியில் ஆர்டர் போடுவது. இன்ஜினியர் வந்து மாட்டிவிட்டாலும் அந்த இணைப்பு பதிவில் அந்த வீட்டுக்குச் சொந்தம். நாளை அவர்கள் நிறுவனம் மாறும்போது உங்கள் லைன் அறுந்துபோகும், அல்லது உங்களால் அவர்களுடையது.

கம்பமும் குழாயும்

வெளியே வந்து உங்கள் பழைய டெலிபோன் கம்பி எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பாருங்கள். ஃபைபர் பதிவு பெரும்பாலும் அந்தக் கம்பத்தை ஒட்டியே இருக்கும். முனை வீடுகளுக்கு வாசல் ஒரு தெருவில், கம்பி பக்கத்துத் தெருக் கம்பத்திலிருந்து. எதிர்க் கம்பத்தில் ஃபைபர் வந்தாலும் அந்த வீடு கணக்கில் வராது. ஃபைபர் வந்த கம்பத்தின் உச்சியில் கறுப்பாக நீண்ட சிபிடி என்ற பெட்டி இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் மெல்லிய கறுப்புக் கேபிள் அதில் ஒவ்வொரு துளையில் செருகப்பட்டிருக்கும். உங்கள் கம்பத்தில் அந்தப் பெட்டி இல்லை, பக்கத்துக் கம்பத்தில் இருக்கிறது, தூரமும் அதிகமில்லை என்றால் புகைப்படம் எடுத்து, கம்பத்தில் அடித்திருக்கும் எண்ணோடு உங்கள் இணைய நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கம்பத்தில் "டி" என்ற எழுத்துப் பலகை இருந்தால் அது பழுதானது, இன்ஜினியர் ஏறக் கூடாது என்று பொருள். தூக்கு வண்டி வர வேண்டும், அல்லது கம்பத்தையே மாற்ற வேண்டும். தெருவில் எல்லோருக்கும் கிடைத்து ஒரு கம்பத்து வீடுகளுக்கு மட்டும் தாமதமாவதற்கு இது ஒரு காரணம்.

பெட்டி இருந்தும் துளைகள் தீர்ந்துபோயிருக்கலாம். செக்கர் "உண்டு" என்று காட்டும், ஆர்டரும் ஏற்கப்படும், இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு இடமில்லை என்பார். அப்போது கோபத்தில் ஆர்டரை ரத்து செய்யாதீர்கள். கூடுதல் பெட்டி வைக்கும் வேலை அந்த ஆர்டரின் பேரில்தான் நடக்கும். ரத்து செய்தால் அந்த வேலையும் நின்றுபோகும்.

தலைக்கு மேல் கம்பியே இல்லையென்றால் உங்கள் லைன் நிலத்தடியில் வருகிறது. அதிலும் இரண்டு வகை. குழாய்க்குள் கேபிள் ஓடினால் ஃபைபரை அதே வழியில் இழுத்துவிடலாம். 1960-கள், 70-களில் கட்டிய பல குடியிருப்புகளில் குழாய் போடாமல் கேபிளை நேராக மண்ணில் புதைத்திருக்கிறார்கள். அங்கே புதிதாகத் தோண்டவோ புதிய கம்பம் நடவோ வேண்டும்; செலவு அதிகம் என்பதால் அந்த வீடுகளைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். எதிர்ச் சாரிக்குக் கம்பம் வழியாக வந்து, உங்கள் சாரிக்கு வராமல் இருப்பதன் விளக்கம் அநேகமாக இதுவே. சாலையைச் சமீபத்தில் புதுப்பித்திருந்தால் கவுன்சில் சில ஆண்டுகளுக்குத் தோண்டத் தடையும் போட்டிருக்கலாம். ஒன்.நெட்வொர்க் என்ற தளத்தின் வரைபடத்தில் உங்கள் தெருவில் யார் எப்போது தோண்டப் போகிறார்கள் என்று பார்க்கலாம்.

குழாய் இருந்தும் உங்கள் காம்பவுண்டுக்குள் அடைபட்டிருந்தால் வேலை உங்கள் பக்கம் வந்துவிடும். டிரைவ்வேயில் கல் பதித்தபோதோ முன்பக்கம் அறை கட்டியபோதோ குழாய் நசுங்கியிருக்கும். புதுக் குழாயை நீங்களே போட முன்வரலாம். தோண்டுமுன் எந்த இடத்திலிருந்து எந்தச் சுவருக்கு, எவ்வளவு ஆழத்தில், எந்தக் குழாய் என்று இன்ஜினியரிடம் எழுத்தில் கேளுங்கள். கூரான வளைவு வைக்காதீர்கள். உள்ளே இழுகயிறு போட்டு விடுங்கள். கயிறு இல்லாத குழாயில் கேபிள் இழுப்பது பெரும்பாடு.

ஃபிளாட்டுகளும் மற்ற நிறுவனங்களும்

அடுக்குமாடி என்றால் ஃப்ரீஹோல்டரின், அதாவது கட்டட உரிமையாளரின், அனுமதி ஒப்பந்தம் வேண்டும். அதை வேலீவ் என்பார்கள். வாடகைக்கு இருப்பவர் சம்மதித்தால் போதாது. பல நேரம் உரிமையாளர் மறுப்பதில்லை, கடிதத்தைத் திறப்பதே இல்லை. இதற்காகத்தான் 2021-இல் ஒரு சட்டம் வந்தது. அங்கே குடியிருக்கும் குத்தகைதாரர் ஒருவர் இணைப்புக் கேட்டு, நெட்வொர்க் நிறுவனத்தின் அறிவிப்புகளுக்கு உரிமையாளர் பதிலே தராவிட்டால், அந்த நிறுவனம் தீர்ப்பாயத்திடம் அனுமதி கேட்கலாம். ஆகவே உங்கள் கோரிக்கையை நெட்வொர்க் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மேனேஜ்மென்ட் ஏஜென்டின் பெயர், முகவரியும் சேர்த்துக் கொடுங்கள். ஹைப்பர்ஆப்டிக் போன்றவை அடுக்குமாடிகளையே குறிவைக்கின்றன. நாலைந்து வீட்டார் சேர்ந்து கேட்டால் நிர்வாகத்திடம் அவர்களே பேசுவார்கள்.

ஓப்பன்ரீச்சுக்காகவே காத்திருக்கவும் தேவையில்லை. மற்ற நிறுவனங்களும் அதன் கம்பங்களையும் குழாய்களையும் வாடகைக்கு எடுக்கலாம். லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர், பல நகரங்களில் சிட்டிஃபைபர், ஹல் நகரில் கேகாம் என்று ஒவ்வொன்றின் தளத்திலும் தனித்தனியே பாருங்கள். சேரும் முன் பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்புக்கென்றே தனி எண், தருவார்களா என்று கேளுங்கள். பல புதிய நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிடுகின்றன. கடையின் சிசிடிவியை வீட்டிலிருந்து பார்க்கும் பழைய ஏற்பாடு அதில் வேலை செய்யாமல் போகலாம். சட்டப்படி நீங்கள் கோரக்கூடிய குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ் மட்டுமே. அதைக் காட்டி ஃபைபர் கேட்க முடியாது.

காத்திருக்கும் காலத்தில் செம்பு லைனுக்கு 24 மாத ஒப்பந்தம் போடாதீர்கள். மாதாமாதம் போகும் 4ஜி அல்லது 5ஜி ரவுட்டர் போதும். ஃபைபர் கிடைத்ததும் பழைய இணைப்பை நீங்களாக ரத்து செய்ய வேண்டாம். 2024 செப்டம்பர் 12 முதல் புதிய நிறுவனமே அதை முடித்துத் தரும். முந்திக்கொண்டு ரத்து செய்தால் வீட்டு டெலிபோன் எண் பறிபோகலாம்.

இன்ஜினியர் வரும் நாளில் ஓஎன்டி வைக்கும் இடத்தில் மின் பிளக் ஒன்று காலியாக இருக்கட்டும். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட உரிமையாளரின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். அது இல்லாததால் திரும்பிப் போகும் இன்ஜினியர்கள் உண்டு. அவர் கிளம்பும் முன் ஓஎன்டியில் "பான்" என்ற விளக்கு நிலையாகப் பச்சையில் எரிகிறதா என்று பாருங்கள். "லாஸ்" என்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை, ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தீராது. கேபிள் எங்கோ மடங்கியிருக்கும், இல்லை செருகும் முனையில் தூசி இருக்கும். கண்ணாடி இழை என்பதால் கூர்மையாக மடக்கி அலமாரிக்குப் பின்னால் தள்ளக் கூடாது.

வீட்டில் வயதானவர்கள் அவசர அழைப்பு பட்டன் வைத்திருந்தால் ஆர்டர் போடும்போதே சொல்லுங்கள். ஃபைபரில் டெலிபோன் ரவுட்டர் வழியாக ஓடும், மின்சாரம் போனால் அதுவும் போகும். அதற்கான பேட்டரியை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். குறித்த நாளில் இன்ஜினியர் வராவிட்டாலோ இணைப்பு தள்ளிப்போனாலோ ஆஃப்காமின் தானியங்கி இழப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனம் பணம் தர வேண்டும். 2019-இல் தொடங்கியபோது வராத இன்ஜினியருக்கு 25 பவுண்டும் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5 பவுண்டும் என்று இருந்தது; இப்போது சற்றுக் கூடியிருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அதில் இல்லை, ஆர்டர் போடும் முன் கேட்டுவிடுங்கள்.