வீட்டு வளவில் அலுமினியப் படகு: ஒட்டுக்கு (வெல்டிங்) முன் கவனிக்க வேண்டியவை

படகு கட்டுவதற்கான பாகங்கள் அடங்கிய கிட்டில் வரும் தகடுகள் இயந்திரத்தால் அளவாக வெட்டப்பட்டிருக்கும்; குறுக்குச் சட்டங்கள் எந்தக் காடியில் இறங்க வேண்டும் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே பொருத்தும் வேலையைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. தகடு 5083 தரமா என்பதை மட்டும் சான்றிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவியின் உவர்நீரையும் முகத்துவாரத்துக்கு வெளியே உள்ள கடல்நீரையும் பெயின்ற் பூசாமலே தாங்கக்கூடிய தரம் அது.

படகு ஒழுகுவதும் ஒழுகாததும் ஒட்டில்தான் இருக்கிறது. அலுமினியம் ஏறத்தாழ 660 பாகை செல்சியசில் உருகிவிடும். அதன்மேல் படர்ந்திருக்கும் ஒட்சைட்டுப் படலம் உருகுவதற்கோ 2000 பாகைக்கு மேல் வேண்டும். படலத்தை நீக்காமல் ஒட்டினால் இரு தகடுகளும் சரியாகக் கலப்பதில்லை, மேலே பார்த்தால் ஒட்டு நன்றாகத் தெரிந்தாலும்கூட.

முதலில் வெள்ளைத் துணியில் அசற்றோன் நனைத்து, துணியில் அழுக்கு ஏறாத நிலை வரும்வரை எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுங்கள். அதன் பின்னரே துருப்பிடிக்காத உருக்குக் கம்பித் தூரிகையால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் தூரிகை எண்ணெயையும் சேர்த்துத் தகட்டில் தேய்த்துவிடும். இரும்பில் ஒருமுறை பட்ட தூரிகையை அலுமினியத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். துடைத்த துணியையும் அசற்றோன் போத்தலையும் தூரத்தில் வைத்துவிட்டு, தகடு நன்கு உலர்ந்த பின், அன்றைக்கே ஒட்டி முடியுங்கள்.

கம்பிச் சுருள் கைப்பிடியிலேயே அமர்ந்திருக்கும் ஸ்பூல் கன் பொருத்திய, கம்பியைத் தானே ஊட்டும் மிக் ஒட்டு இயந்திரமே என் தெரிவு. மென்மையான அலுமினியக் கம்பி நீண்ட குழாய்க்குள் சிக்குவதை அது தவிர்க்கிறது. உருகி ஒட்டாகும் கம்பி 5356 தரம்; உருகிய உலோகத்தை வெளிக்காற்றிலிருந்து காக்கும் வாயு தூய ஆகன். கம்பியை மறு கையால் ஊட்டும் டிக் ஒட்டு அழகாக வரும் என்றாலும், கை மெதுவாக நகர்வதால் சூடேறித் தகடு நெளியும் என்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

தென்மேல் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் திறந்த வளவில் ஒட்ட வேண்டாம். காற்று ஆகனைக் கலைத்துவிட்டால் ஒட்டு முழுவதும் ஊசித்துளைகளாகி, ஓரத்தில் கரி படியும். வாயுவைக் கூட்டித் திறந்தால் சரியாகும் என்று நினைப்பது தவறு. நிமிடத்துக்கு 15 முதல் 20 லீற்றர் என்ற அளவை மிகவும் தாண்டினால் வாயுவே சுழன்று வெளிக்காற்றை உள்ளிழுக்கும். கிடுகு வேலி காற்றை மறிக்காது, தீப்பொறிக்கும் ஆகாது. மூன்று பக்கமும் தகரம் வைத்து மறையுங்கள்.

நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, இடமும் வலமுமாக மாறி மாறிச் சிறு சிறு புள்ளிகளாக ஒட்டி வடிவத்தை நிலைநிறுத்துங்கள். முழு ஒட்டையும் அதே ஒழுங்கில் துண்டு துண்டாக இட வேண்டும். பிறகு வெளிப்புறத்தில் வெண்கட்டித் தூளைக் கரைத்த குழம்பு பூசிக் காயவிட்டு, உட்புற ஒட்டுகளில் மண்ணெண்ணெய் தடவினால், துளை உள்ள இடத்தில் வெள்ளைப் பூச்சு ஈரமாகிக் கறுக்கும். அந்த இடத்தை அகழ்ந்து, மண்ணெண்ணெயை முற்றாக நீக்கி, மறுபடியும் மேற்சொன்னபடி சுத்தம் செய்தே ஒட்ட வேண்டும்.

பின்சேர்க்கை: ஃபைபர் படகுக்கு வாங்கிய பாசித்தடுப்புப் பெயின்ற் மிச்சமிருக்கிறது, பூசலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதில் செம்பு இருந்தால் பூசவே கூடாது. உவர்நீரில் செம்பும் அலுமினியமும் தொடர்புற்றால் அலுமினியம்தான் அரிக்கப்படும். பித்தளை வடிகுழாய்க்கும் இது பொருந்தும். அந்த இடத்தில் பிளாஸ்ரிக் பொருத்தியைப் பயன்படுத்துங்கள்.