உளவியல் கன்வர்ஷன் எம்.எஸ்சி.: வாய் திறந்து கேட்காமல் இழப்பவை

வேறு துறையில் பட்டம் வாங்கியவர்கள் உளவியலுக்கு மாற பிரிட்டனில் இருக்கும் வழி கன்வர்ஷன் எம்.எஸ்சி. முழுநேரமாகப் படித்தால் பெரும்பாலும் ஓராண்டு, பகுதிநேரமாக என்றால் இரண்டு. நான் பொறியியல் படித்துவிட்டு அதில் சேர்ந்தவள். புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் பேசும்போது, நானும் என் வகுப்பினரும் செய்த அதே தவறுகள் கண்ணில் படுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிலர் சேரும் முன்பே சறுக்கிவிடுகிறார்கள். பெயரில் சைக்காலஜி என்று இருந்தால் போதாது. பிபிஎஸ் எனப்படும் பிரிட்டிஷ் உளவியல் சங்கம் அங்கீகரித்த கன்வர்ஷன் படிப்பாக இருந்தால்தான் ஜிபிசி என்ற அடிப்படைத் தகுதி கிடைக்கும். கிளினிக்கல் சைக்காலஜி முனைவர் பயிற்சி போன்ற அடுத்த படிகளுக்கு அது வேண்டும். சங்கத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். இன்னொன்று, இந்தப் படிப்பு சிகிச்சை தரக் கற்றுத்தராது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டப்பெயர். எச்சிபிசி என்ற ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு இல்லாமல் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. கவுன்சலிங் கற்கப்போகிறோம் என்று வந்து, முதல் வாரமே புள்ளியியல் லேபில் உட்கார்ந்து கலங்கிப்போனவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

கால அட்டவணையைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாரத்தில் சில மணிநேரம்தான் வகுப்பு இருக்கும், மீதி வெறுமையாகத் தெரியும். ஆனால் எம்.எஸ்சி.க்கு 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணிநேர உழைப்பு என்பது கணக்கு. மொத்தம் 1800 மணிநேரம், ஆண்டு முழுக்கப் பரப்பினாலும் வாரத்துக்கு 35 மணிநேரம் வரும். அந்த வெற்றுக் கட்டங்கள் வாசிப்புக்கானவை. மாணவர் விசாவில் பருவ நாட்களில் வாரம் 20 மணிநேரம் வரை வேலை செய்யலாம் என்பதால் முழு 20 மணிநேரத்துக்கும் ஷிப்ட் எடுத்துவிட்டு, செமினாருக்குக் கட்டுரையைப் படிக்காமல் வந்து வாய் மூடி உட்காருகிறவர்கள் உண்டு. செமினாரில் பேசுகிறவர்களுக்குத்தான் அது வகுப்பு.

புள்ளியியலைத் தள்ளிப்போடுவது எல்லாரும் செய்வது. ஒரு சம்பவம் சொல்கிறேன். தோழி ஒருத்தி நூறு மாணவர்களிடம் ஆய்வு வினாப்பட்டியலை நிரப்பி வாங்கி, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினாள். பங்கேற்றவர்களின் சராசரி வயது 61 என்று வந்தது. எல்லாரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகள்! இரண்டு நாள் தனியாகக் குழம்பினாள். பிறகு புள்ளியியல் உதவி நேரத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் திரையைக் கீழே உருட்டிப் பார்த்து, வயது எழுதாத நான்கு பேருக்கு 999 என்று குறியிட்டிருப்பதைக் காட்டினார். அது விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லவில்லை. அதைச் சரிசெய்ததும் சராசரி 22. ஒரு நிமிட வேலை. இந்த உதவி நேரம் பல துறைகளில் வாராவாரம் நடக்கும், கூட்டமே இருக்காது. கடைசி மாதத்தில்தான் வரிசை நிற்கும்.

கட்டுரையில் மதிப்பெண் குறைவதற்கு ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வரும்: படித்ததை அப்படியே ஒப்பிப்பது. கட்டளையிட்டால் இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி தருவார்களா என்று பார்த்து மில்கிராம் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்று எழுதினால் அது தகவல். நாற்பது பேரும் ஆண்கள், பெண்களுக்கும் இது பொருந்துமா? பிறகு ஆய்வைப் பல்கலைக்கழகக் கட்டடத்தை விட்டு ஒரு சாதாரண அலுவலகத்துக்கு மாற்றியபோது கடைசிவரை கீழ்ப்படிந்தவர்கள் பங்கேற்றவர்களில் பாதிக்கும் கீழே குறைந்தார்களே, அது எதைக் காட்டுகிறது? இப்படிக் கேட்டு எழுதினால்தான் முதுநிலைக் கட்டுரை. மதிப்பெண்ணைப் பார்த்தும் துவளாதீர்கள். பெரும்பாலான இடங்களில் 50 தேர்ச்சி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 90 வாங்கிப் பழகிய நமக்கு 64 அடிவயிற்றைக் கலக்கும். உண்மையில் அது நல்ல மதிப்பெண். கூடவே வரும் பின்னூட்டத்தைத் திறந்து படியுங்கள்.

ஆய்வுத் திட்டத்தில்தான் சேதம் அதிகம். அதில் தேறாமல் ஜிபிசி கிடையாது. எத்திக்ஸ் அனுமதி, அதாவது ஆய்வு நெறிமுறைக்கான ஒப்புதல், கைக்கு வரும் முன் ஒருவரிடம்கூடத் தரவு வாங்கக் கூடாது. வாங்கினால் அதைப் பயன்படுத்த முடியாது. அனுமதி வந்தபின் வினாப்பட்டியலில் ஒரு கேள்வியைச் சேர்த்தாலும் திருத்த அனுமதி கேட்க வேண்டும். அனுமதிப் படிவம் ஏதாவது ஒரு காரணத்துக்காகத் திரும்பி வரும், அதற்கும் வாரங்கள் போகும். இதையெல்லாம் மே மாதம் தொடங்கினால், இப்படிப்பட்ட ஆய்வுகளில் பங்கேற்று அதற்காக கிரெடிட் வாங்கும் இளநிலை மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். சூப்பர்வைசரும் கோடையில் விடுப்பில் இருப்பார். முதல் சந்திப்பிலேயே மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தத் தேதிகளில் இருக்க மாட்டீர்கள், வரைவை எத்தனை முறை படிப்பீர்கள், எந்தெந்தப் பகுதியைப் படிப்பீர்கள். பல இடங்களில் வரைவு பார்ப்பதற்கு வரம்பு உண்டு. ஆகஸ்டில் முழு ஆய்வறிக்கையையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர்களுக்குப் பதில் வரவில்லை.

உதவி கேட்பதைக் குறையாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பாடச் சந்தேகம் என்றால் மாட்யூல் தலைவரிடம், ஆய்வு என்றால் சூப்பர்வைசரிடம், பணம், உடல்நலம், மனச்சோர்வு, வீட்டுப் பிரச்சினை என்றால் பர்சனல் டியூட்டரிடம் போக வேண்டும். “சாரைத் தொந்தரவு பண்ணக் கூடாது” என்று தயங்காதீர்கள். அவர்களுக்கு அது வேலையின் ஒரு பகுதி. பெயர் சொல்லி மின்னஞ்சல் எழுதுவதையும் யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. டிஸ்லெக்சியா, நாள்பட்ட நோய், மனநலச் சிக்கல் இருந்தால் 2010 சமத்துவச் சட்டப்படி பல்கலைக்கழகம் நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கும் இது பொருந்தும். அரசு தரும் மாற்றுத்திறன் மாணவர் உதவித்தொகை மட்டும் பொதுவாக நமக்குக் கிடையாது.

காய்ச்சலோ துக்கமோ வந்து அசைன்மென்ட் முடியாமல் போனால், கெடு முடியும் முன்பே சிறப்புச் சூழ்நிலை விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். என் வகுப்பில் ஒருவர் தந்தை இறந்த வாரத்தில் யாரிடமும் சொல்லாமல், பாதி எழுதிய கட்டுரையை அப்படியே சமர்ப்பித்தார். 42 வந்தது. சமர்ப்பித்துவிட்டால் நல்ல நிலையில் எழுதியதாகவே எடுத்துக்கொள்வோம் என்பது அங்கே விதி. இரண்டு வரி மின்னஞ்சல் அவருக்கு இன்னும் இரண்டு வாரம் வாங்கித் தந்திருக்கும்.