கார்ல ஹாம் ரேடியோ மாட்டுறீங்களா? ஃபியூஸை எங்க வெச்சிருக்கீங்கன்னு மொதல்ல பாருங்க

போன ஞாயித்துக்கிழமை ஒரு தம்பி, "அண்ணே, ரிக் மாட்டிட்டேன், வந்து பாருங்க"ன்னு காரை எடுத்துட்டு வந்துட்டான். ரிக்குன்னா ஹாம்காரங்க, அதாவது லைசென்ஸ் வாங்கி பொழுதுபோக்கா ரேடியோவுல பேசுறவங்க, வெச்சிருக்கற ரேடியோ பெட்டி. டேஷ்போர்டு வேலை சும்மா சொல்லக்கூடாது, கம்பெனியிலயே மாட்டிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு. பானட்டைத் தொறடான்னேன். பேட்டரி ப்ளஸ்ல இருந்து ஒரு சிவப்பு ஒயர் நேரா உள்ள போகுது, நடுவுல ஒண்ணுமே இல்ல. நான் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பண்ண அதே வேலை. லைசென்ஸ் இல்லாம பேசாதீங்க, ப்ளஸ் மைனஸ் மாத்திக் குடுக்காதீங்கன்னு எல்லாம் இங்க எழுதப்போறதில்ல, பரீட்சை எழுதி கால்சைன் (ரேடியோவுல நம்ம அடையாளப் பேரு) வாங்குனவங்களுக்கு அது தெரியாதா என்ன. அவங்களும் பண்ற தப்புங்க மட்டும் கீழ.

சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகுறது

50 வாட் ரிக், ஹை பவர்ல பிடிடி (மைக்ல பேசுறதுக்கு அழுத்தற பட்டன்) அழுத்துனா 10, 12 ஆம்பியர் இழுக்கும். அந்த சாக்கெட்டை போன் சார்ஜருக்கு விட்டுடுங்க.

ஃபியூஸ் எந்தப் பக்கம்

இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லணும், இன்னும் நெனச்சா எரிச்சலா வருது. ரிக்கோட வந்த பவர் கேபிள்ல ஃபியூஸ் ஹோல்டர் இருந்துச்சு. ஆனா என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தகட்டுல நான் போட்ட ஓட்டைக்குள்ள அது நுழையல. சரின்னு ஒயரை வெட்டி, ஹோல்டரை உள்ள ரேடியோவுக்குப் பின்னாடி கொண்டுபோய் ஜாயின்ட் போட்டேன். ரேடியோவைக் காப்பாத்தத்தானே ஃபியூஸ், அதுக்குப் பக்கத்துலயே இருந்தா இன்னும் நல்லதுதானேன்னு ஒரு நெனப்பு. ஒயர் விளிம்புல உரசாம இருக்க ஓட்டையில மாட்டற ரப்பர் வளையம், அந்த குரோமெட்டும் போடல, ரெண்டு சுத்து இன்சுலேஷன் டேப்போட சரி.

எட்டு மாசம் கழிச்சு திண்டிவனம் பக்கம் வரும்போது ரப்பர் கருகுற நாத்தம். ரேடியோ ஆஃப்ல இருந்துச்சு, அதனால அது மேல சந்தேகமே வரல, ஏசிதான்னு நெனச்சு ஏசியை நிறுத்திட்டு இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிருக்கேன் பாருங்க! டேஷ்போர்டுக்குக் கீழ இருந்து புகை வந்த பிறகுதான் ஓரம் கட்டுனேன். பேட்டரியைக் கழட்ட கையில ஸ்பேனர் இல்ல, எதிர்ல பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்து கழட்டிவிட்டாரு.

நடந்தது இதுதான். வண்டி ஆடி ஆடி தகட்டு விளிம்புல ஒயர் தேஞ்சு, செம்பு பாடியைத் தொட்டுடுச்சு. பேட்டரிக்கும் அந்த எடத்துக்கும் நடுவுல ஃபியூஸ் இல்ல. ஷார்ட்ல கார் பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியர் தள்ளும், ஒயர் ஹீட்டர் காயில் மாதிரி ஆயிடும். பக்கத்துலயே போற, என் வண்டியோட ஒயர் கட்டையும் (ஹார்னெஸ்) சேத்து உருக்கிடுச்சு. செலவு பதினெட்டாயிரம், வண்டி ரெண்டு வாரம் ஷெட்ல. ரேடியோவுக்கு ஒண்ணுமே ஆகல, நான் உள்ள வெச்ச ஃபியூஸ் புதுசு மாதிரி அப்படியே இருந்துச்சு, அதுதான் கடுப்பு.

ஃபியூஸ் ரேடியோவுக்காக இல்லைங்க, ஒயருக்காக. பேட்டரி டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் வரணும், அதுக்கு அப்புறம் வர்ற ஒயர் முழுக்க அதோட காவல்ல இருக்கும். குரோமெட் கட்டாயம்.

மைனஸ் ஒயர்

அதையும் பேட்டரி வரைக்கும் இழுக்கறவங்க இருக்காங்க. என்ஜினோட எர்த் பட்டை என்னைக்காவது லூஸானா ஸ்டார்ட்டர் கரன்ட் வேற வழியில்லாம உங்க ரேடியோ வழியா திரும்பப் பாக்கும். அதோட ஸ்டார்ட் ஸ்டாப் வசதி உள்ள வண்டிங்கள்ல மைனஸ் டெர்மினல்லயே பேட்டரியைக் கண்காணிக்கற சென்சார் உக்காந்திருக்கும், அதைத் தாண்டி நேரா டெர்மினல்ல குடுத்தா அதோட கணக்கு தப்பாயிடும். பேட்டரி எர்த் பாடியில எங்க போல்ட் ஆகியிருக்கோ அங்க குடுங்க, பெயின்ட்டைச் சுரண்டிட்டு.

ஒல்லி ஒயர்

1 சதுர மில்லிமீட்டர் ஒயர்ல போக வர 6 மீட்டர்னா 10 ஆம்பியருக்கு ஒரு வோல்ட்டுக்கு மேல விழுந்துடும். 2.5ல அரை வோல்ட் கூட போகாது. ஸ்பீக்கர் ஒயரை எடுத்துட்டு வராதீங்க.

காத்து இல்லாத பொந்து

ஸ்டீரியோ இருந்த எடத்துல ரிக்கை இறுக்கிச் சொருகினா பாக்க அழகுதான், ஆனா பின்னாடி சூட்டை வெளிய தள்ளுற ஹீட் சிங்க் எங்க மூச்சு விடும்? அதுவும் மே மாசம் வெயில்ல நிறுத்துன வண்டியில. முகப்பு தனியா கழட்டற மாடல்னா முகப்பை மட்டும் டேஷ்போர்டுல வெச்சு, உடம்பை சீட்டுக்கு அடியில போடுங்க.

ஏர்பேக் மூடி மேல பிராக்கெட்

வேணவே வேணாம்.

ஆன்டெனாவைப் பாக்காம பிடிடி அழுத்துறது

145 மெகாஹெர்ட்ஸுக்கு கால் அலைநீள ஆன்டெனான்னா சுமாரா அரை மீட்டர் கம்பி. கூரை நடுவுல வெச்சு, லோ பவர்ல எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவுல இருந்து பவர் எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டற அளவு) பாத்துட்டு அப்புறம் பவரை ஏத்துங்க. கதவு இடுக்குல கோஆக்ஸை, அதான் ஆன்டெனா கேபிளை, நசுக்குனவங்களுக்கு மழை வந்தா புரியும், தண்ணி கேபிளைப் புடிச்சுக்கிட்டே உள்ள வரும்.

அந்தத் தம்பி ஒயரை அன்னைக்கே பேட்டரி பக்கத்துல வெட்டி ஹோல்டர் போட்டோம். எல்லாம் முடிஞ்சதும் கேக்குறான், "அண்ணே, ராத்திரி நேரத்துல ஃபியூஸ் போச்சுன்னா எறங்கி பானட்டைத் தொறக்கணுமே?"

தொறடா.