குரோஷே கடல் பொம்மைகள்: தவறு தொடங்கும் இடங்கள்

குரோஷேயில், அதாவது கொக்கி முனை கொண்ட ஒற்றை ஊசியால், பின்னி முடித்த ஆக்டோபஸ் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் பலரும் உள்ளே அடைத்த பஞ்சைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் பஞ்சில் இருப்பதில்லை. பல சுற்றுகளுக்கு முன்பே, கவனிக்காமல் விட்ட ஏதோ ஒரு கண்ணியில் (ஊசி போடும் ஒவ்வொரு நூல் பின்னலும் ஒரு கண்ணி) இருக்கிறது.

முதல் தவறு ஊசியின் அளவில் நேர்வது. நூற்கண்டின் உறையில் அச்சிட்டிருக்கும் அளவு, சால்வையும் ஸ்வெட்டரும் தளர்வாகத் துவள வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுவது. பொம்மைக்கு வேண்டியது அதற்கு நேரெதிர். 5 மி.மீ. ஊசி என்று குறித்திருக்கும் நூலை 3 அல்லது 3.5 மி.மீ. ஊசியால் பின்னினால்தான் கண்ணிகள் நெருங்கி நிற்கும். இல்லாவிட்டால் கருநீலத் திமிங்கலத்தின் முதுகெங்கும் வெள்ளைப் பஞ்சு புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். பின்னல் குறிப்பு எந்த முறையில் எழுதப்பட்டது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே எனப்படும் குட்டையான அடிப்படைக் கண்ணியையே பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்பார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் பிரிட்டிஷ் குறிப்பை அமெரிக்க முறையில், உயரமான கண்ணிகளாகப் பின்னியவரின் பொம்மை, வலைப்பை போலத் துளைகளுடன் நீண்டு நிற்கும்.

ஆனால் அதிகப் பொம்மைகளைக் கெடுப்பது எண்ணிக்கைப் பிழைதான். ஆக்டோபஸின் உருண்டைத் தலை, மேஜிக் ரிங் எனப்படும் இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில் 6 கண்ணிகளுடன் தொடங்கி, சுற்றுக்கு 6 கூடி, 12, 18, 24 என 48 வரை வளர்கிறது. சுற்றுகள் இணைக்கப்படாமல் சுருளாகவே செல்வதால் ஒரு சுற்று எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஒரு மார்க்கரையோ வேறு நிற நூல்துண்டையோ மாட்டிவைக்க வேண்டும். "மனத்திலேயே எண்ணிக்கொள்கிறேன்" என்பவர்கள் ஒரு தொலைபேசி அழைப்பு வரும்வரைதான் எண்ணுவார்கள். ஒரு கண்ணி குறைந்து 47 ஆனால் என்ன ஆகும் என்பது கைகளைத் தைக்கும்போதுதான் புலப்படும்: 48 கண்ணிகளில் 6 கண்ணிக்கு ஒன்றாக எட்டுக் கைகளும் சரியாக அமர்ந்துவிடும்; 47 என்றால் கடைசி இடைவெளியில் ஐந்துதான் மிஞ்சும். கூட்டல்களை (ஒரே கண்ணியில் இரண்டு போடும் இடங்களை) ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாலும் தலை உருண்டையாகாமல் அறுகோணமாகிவிடும் என்பதால், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் அவற்றின் இடத்தைச் சற்றுத் தள்ளிக்கொள்வது நல்லது. கண்ணிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்போது இரு கண்ணிகளின் முன்பக்க இழையை மட்டும் எடுத்துச் சேர்த்தால் துளை விழாது.

கைகள் சுருள வேண்டுமானால், முதலில் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துப் போடும் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு சிங்கிள் குரோஷே போட வேண்டும். ஒன்று மட்டும் போட்டால் நேரான பட்டையே கிடைக்கும். சங்கிலியை இறுக்கிப் போட்டுவிட்டாலோ, திரும்பி வரும்போது ஊசி உள்ளே நுழையவே நுழையாது.

உருவத்தைப் பற்றியும் ஒன்று. திமிங்கலத்துக்கும் டால்பினுக்கும் வால் கிடைமட்டமாக இருக்கும். சுறாவுக்கும் பிற மீன்களுக்கும் செங்குத்தாக இருக்கும். நான் முதன்முதலில் பின்னிய திமிங்கலத்துக்கு வாலைச் செங்குத்தாகத் தைத்துவிட்டேன். பார்த்த குழந்தை தயங்காமல் அதைச் சுறா என்றது. கடலாமையின் முன்துடுப்புகள் பின்துடுப்புகளைவிட நீளமானவை. நான்கையும் ஒரே அளவில் பின்னினால் அது நிலத்தில் நடக்கும் ஆமையாகிவிடும். எந்த உறுப்பையும் குண்டூசியால் குத்திவைத்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே தைக்க வேண்டும். தைத்தவுடன் குண்டூசிகளை எண்ணி எடுத்துவிட வேண்டும்.

பிளாஸ்டிக் கண்ணின் பின்வில்லையை அழுத்திப் பூட்டிய பின் கழற்றுவது அரிது. ஆகவே இடத்தை உறுதிசெய்துகொண்டு, தலையை மூடுவதற்கு முன்பே அதைப் பூட்ட வேண்டும். தளர்ந்த பின்னலில் அந்தக் கண் வில்லையோடு சேர்ந்தே வெளியே வந்துவிடலாம் என்பதால், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் கண்ணை நூலால் தைப்பதே சரி. கைகளின் நீளமும் சிறிய விஷயமல்ல. டென்மார்க்கில் 2013இல் குறைமாதக் குழந்தைகளுக்காக ஆக்டோபஸ் பின்னித் தரத் தொடங்கியவர்கள், இழுத்துப் பிடித்தாலும் ஒரு கை 22 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். நீண்ட கை குழந்தையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே கையை மேசையில் சுருளாகக் கிடத்தி அளக்காமல், நன்றாக இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும்.