மில்லிங் பர் தேய்ந்துவிட்டதா? தொடக்கநிலையாளருக்கான சோதனை முறை

செராமிக் கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) செதுக்கும் இயந்திரத்தின் திரை, பர்ரின் (சுழன்று செதுக்கும் சிறு கருவியின்) ஆயுளில் இன்னும் பாதி மீதமிருப்பதாகக் காட்டும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். பர் எவ்வளவு நேரம் ஓடியது அல்லது எத்தனை கிரவுன் வெட்டியது என்பதைத்தான் அந்தக் கணக்கு சொல்கிறது. எப்படி ஓடியது என்பது அதற்குத் தெரியாது.

1. எந்தப் பொருள், எந்த பர்?

கிரவுன் செய்யும் செராமிக்குகளில் ஒன்றான லித்தியம் டைசிலிகேட்டின் பிளாக் பெரும்பாலும் நீல நிறத்தில், முழுமையாகப் படிகமாகாத நிலையில் வரும். அதை வெட்டுவதில்லை, அரைக்கிறோம். எஃகுத் தண்டின் மேல் வைரத் துகள்கள் பதித்த பர் தண்ணீரோடு வேலை செய்யும். துகள்களின் முனை மழுங்குவதும், துகள்களே பெயர்ந்து விழுவதும்தான் இங்கே தேய்மானம். இன்னொரு செராமிக்கான சிர்கோனியா, சூளையில் முழுமையாகச் சுடாத நிலையில் சுண்ணக்கட்டி போல் மென்மையானது. அதைக் கார்பைடு (கடினமான உலோகக் கலவை) பர் பெரும்பாலும் உலர்வாகவே வெட்டுகிறது. அந்தப் பர்ரில் வெட்டு விளிம்பு உருண்டுபோகும். மேற்பூச்சு இருந்தால் அதுவும் உரியும்.

2. முதலில் கிரவுனைப் பாருங்கள்

பர்ரைக் கழற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். கிரவுனின் ஓரத்தைப் பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல ஓரம் ஒரே கோடாக ஓடும். பர் மழுங்கியிருந்தால் மெல்லிய இடங்களில் சிறு சிறு சில்லுகள் பெயர்ந்து, கோடு பல் பல்லாகத் தெரியும். சிர்கோனியாவில் சுடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். சூளை அந்தச் சில்லை மூடித் தராது.

அடுத்தது பொருத்தம். டைசிலிகேட் கிரவுனைப் பல்லின் மாதிரியின் மேல் வைத்துப் பாருங்கள். முன்பெல்லாம் தானாக உட்கார்ந்தது இப்போது பாதியில் நிற்கிறதா? பல இயந்திரங்கள் பர்ரின் நீளத்தை அளந்து சரிசெய்துகொள்ளும், விட்டத்தை அளப்பதில்லை. விட்டம் 0.04 மில்லிமீட்டர் குறைந்தால், கிரவுனின் உட்சுவர் ஒவ்வொன்றிலும் 0.02 மில்லிமீட்டர் பொருள் வெட்டப்படாமல் தங்கிவிடும். கிரவுனைப் பல்லில் ஒட்டும் சிமெண்டுக்காக 0.05 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது.

கிரவுன் இறுகுகிறதே என்று மென்பொருளில் சிமெண்ட் இடைவெளியைக் கூட்டுபவர்கள் உண்டு. எனக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை. புதுப் பர் போட்ட மறுநாளே எல்லாக் கிரவுனும் தளர்வாக வரும்; அப்போது கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

சிர்கோனியாவைச் சுடும்வரை பொருத்தம் பார்க்க வழியில்லை. சுடும்போது சுருங்கும் என்பதால் அதைப் பெரிதாகவே வெட்டியிருப்பார்கள்.

3. இப்போது பர்ரைப் பாருங்கள்

பக்கத்தில் ஒரு புதிய பர்ரை வைத்துக்கொண்டால் வித்தியாசம் உடனே புலப்படும். நுனியிலிருந்து தொடங்குங்கள், கிரவுனின் உட்குழியையும் மேற்பரப்பின் பள்ளங்களையும் குடைவது அதுதான். வைரப் பர்ரில் துகள் இல்லாத, வழவழப்பான உலோகத் திட்டு தெரிந்தால் அதன் வேலை முடிந்தது.

ஆனால் துகள்களுக்கு இடையே அரைத்த பொடி அப்பியிருந்தாலும் பர் மழுங்கியது போலவே தோன்றும். மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட்டு மீண்டும் பாருங்கள். துகள்கள் கூர்மையாக மின்னினால் பர் நன்றாகத்தான் இருக்கிறது. குளிர்விக்கும் தண்ணீர் பழையதாகிவிட்டதா, வடிகட்டி நிரம்பிவிட்டதா, தண்ணீர்ப் பீச்சல் பர்ரின் மேல் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். உலர்வாக வெட்டும் இயந்திரமென்றால் தூசி உறிஞ்சியைச் சோதியுங்கள்.

4. மாற்றும்போது

இரு பக்கமிருந்தும் இரண்டு பர்கள் செதுக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். உட்புறம் குடைவதும் வெளிப்புறம் வடிவமைப்பதும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பர்ரைப் பிடிக்கும் கவ்வியில் பொடி ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் புதுப் பர்ரும் ஆட்டம் கண்டு ஓரத்தைச் சிதைக்கும். பிறகு மென்பொருளில் பழைய கணக்கைப் பூஜ்யமாக்குங்கள்.

ஒவ்வொரு பர்ருக்கும் போட்ட தேதி, வெட்டிய பொருள், கிரவுன் எண்ணிக்கை, எடுத்த காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சில பர்கள் கடந்ததும், உங்கள் இயந்திரத்தில் ஓரம் எப்போது சிதையத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். எச்சரிக்கை அளவை அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய கார்பைடு பர்ரை, 'பிளாஸ்டிக்தானே' என்று தற்காலிகக் கிரவுன் வெட்டப் பயன்படுத்தாதீர்கள். மழுங்கிய விளிம்பின் சூட்டில் அக்ரிலிக் இளகிப் பர்ரைச் சுற்றிக்கொள்ளும்.