மிரட்டல் வந்ததும் முதலில் செய்யும் தப்புகள்

ராத்திரி பதினொன்றரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால். எடுத்தால் திரையில் ஒரு பெண், ஆடையில்லாமல். பதறிப்போய் கட் செய்வதற்குள் பதினாறு விநாடி ஓடிவிட்டது. ஐந்தே நிமிடத்தில் அந்தப் பதினாறு விநாடி வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. கூடவே மைத்துனர், தங்கை, ஆபீஸ் ஆட்கள் எனப் பெயர் தெரிகிற ஃபேஸ்புக் நண்பர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட். "5,000 அனுப்பு, இல்லன்னா எல்லாருக்கும் போகும்."

எங்கள் தெருவில் ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு நடந்தது இது. அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்தில் 11,500 கேட்டார்கள். ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவத்தானே செய்யும்? மறுநாள் காக்கிச் சட்டைப் படம் வைத்த 'டெல்லி போலீஸ்' பேசினார்: அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், கேஸை மூட இவ்வளவு ஆகும். அவரும் அதே கும்பல்தான். என்னிடம் வந்தபோது அவர் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி, அந்த வீடியோ காலை எடுத்தது என் தப்பு. எந்த முகத்தோட ஸ்டேஷனுக்குப் போறது?"

மிரட்டுகிறவன் நம்பியிருப்பதே இந்தக் கேள்வியைத்தான். சட்டம் அதைக் கேட்பதில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் வரும் குற்றம். 1860-இல் எழுதிய பழைய தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்துக்குத் தந்த முதல் உதாரணமே, அவதூறு வெளியிடுவேன் என்று மிரட்டிக் காசு வாங்குவதுதான். அப்போது 3 ஆண்டு வரை என்றிருந்த தண்டனை, 2024 ஜூலை 1 முதல் 7 ஆண்டு வரை. மானத்துக்கு வரும் கேடும் சட்டத்தின் கண்ணில் கேடுதான். காசு கைமாறாவிட்டாலும், பறிப்பதற்காகப் பயமுறுத்தியதற்கே 2 ஆண்டு வரை உண்டு. 'பணம் போகலையே' என்று யாராவது திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

அவர் செய்த அடுத்த தப்பு, வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சாட் முழுவதையும் அழித்தது. மிஞ்சியது பணம் போன இரண்டு பேங்க் எஸ்எம்எஸ். நல்லவேளை, பணம் போன வழியைத் தேட உதவும் யுடிஆர் என்ற பரிவர்த்தனை எண் அதில் இருந்தது. உடனே பிளாக் செய் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, முதலில் ஆதாரம், பிறகு பிளாக். எண், தேதி, புரொஃபைல் லிங்க் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஒருமுறை மட்டும் திறக்கிற படமென்றால் இன்னொரு போனால் போட்டோ எடுங்கள். பதில் மட்டும் போடாதீர்கள். கெஞ்சக் கெஞ்சத் தொகை ஏறும்.

பணம் போயிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. cybercrime.gov.in-இல் புகாரைப் பதியலாம். 'எங்க லிமிட் இல்ல' என்கிற பேச்சுக்கு இடமில்லை, எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போடலாம். டெலிகிராமில் 'வீடியோவை அழித்துத் தருகிறேன்' என்று வரும் ஹேக்கர் வேறொரு திருடன். படம் பரவாமல் தடுக்க ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் ரேகை மட்டும் போகும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

மிரட்டுவது தெரிந்தவன், பழைய காதலன் என்றால் கதை வேறு. அங்கே பெண்களை வாய் திறக்க விடாமல் செய்வது பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதே தனிக் குற்றம். பொள்ளாச்சியில் படம் எடுத்து மிரட்டிய கும்பல் சிக்கியது 2019-இல் ஒரு மாணவி கொடுத்த புகாரால். 2025 மே 13 அன்று 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம்.

ஆண்கள் செய்யும் தப்பு இன்னொன்று. தங்கைக்காக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவனை அடிப்பது. அவன் ஜிஎச்சில் படுத்து காயத்தைப் பதிவுசெய்யும் ஏஆர் காப்பி வாங்கிவிட்டால், முதல் எஃப்ஐஆர் அண்ணன் மேல்தான் விழும்.